மங்கும் மூன்று மருந்தும்: ஒரு கூட்டுக் களிம்பின் கதை

"மங்கு" என்பது எங்க பக்கத்தில் எல்லாரும் புழங்கும் சொல். இரண்டு கன்னத்திலும், சில பேருக்கு நெற்றியிலும் மேலுதட்டுக்கு மேலேயும், வரைபடம் மாதிரி பழுப்பாகப் படியும் கருமை. மருத்துவர்கள் மெலாஸ்மா என்பார்கள். வலிக்காது, அரிக்காது, ஒட்டாது. உயிருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் முகத்தில் இருப்பதால் பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். பிரசவத்துக்குப் பிறகு வந்தது, கருத்தடை மாத்திரையால் வந்தது, வெயிலில் வேலை செய்து வந்தது என்று ஆளுக்கொரு காரணமும் சொல்வார்கள். மூன்றிலும் உண்மை இருக்கிறது.

இதற்கு மருந்துக் கடைகளில் கிடைக்கும் சிறிய டியூபுகளின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் மூன்று பெயர்கள் இருக்கும்: ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினோயின், மொமெட்டசோன். ஏன் மூன்று? யார் சேர்த்தார்கள்? இரண்டு போதாதா? இந்தக் கேள்விகளைப் பிடித்துக்கொண்டு போனபோது தோல் தொழிற்சாலை, சிறைச்சாலை, தென்னாப்பிரிக்கா, சிங்கப்பூர் என்று சுற்றிவிட்டு எங்க ஊர் பாப்பாரப்பட்டிக்கே வந்து நின்றது கதை. நான் மருத்துவன் இல்லை, புரோகிராம் எழுதிப் பிழைப்பவன். இது சிகிச்சைக் குறிப்பும் இல்லை. ஒரு கூட்டு மருந்து எப்படிப் பிறந்தது, எப்படிச் சோதிக்கப்பட்டது, நம்மிடம் வந்து என்ன ஆனது என்ற வரலாறு மட்டும்.

சேர்த்துக் கொடுப்பது பழைய யோசனை

முகத்தில் வரும் இந்தக் கருமையை சுஸ்ருத சம்ஹிதை "வியங்கம்" என்று பெயர் சொல்லிப் பட்டியலிட்டிருக்கிறது. சிறு நோய்கள் வரிசையில் வருகிறது. ஆயுர்வேதத்தில் முகத்துக்குப் பேர்போன குங்குமாதி தைலமும் ஒரு கூட்டு மருந்துதான். குங்குமப்பூ, சந்தனம், மஞ்சிட்டி, அதிமதுரம் என்று பல சரக்குகளை நல்லெண்ணெயிலும் ஆட்டுப் பாலிலும் காய்ச்சுவார்கள். இதில் அதிமதுரத்தைச் சும்மா விட முடியாது. அதிலுள்ள கிளாப்ரிடின் என்ற பொருள் மெலனின் உற்பத்தியைத் தடுக்கிறது என்பது பின்னாளில் ஆய்வுக்கூடத்தில் தெரிந்த விஷயம்.

ஆக, பல சரக்கைச் சேர்க்கும் பழக்கம் நமக்குப் புதிதில்லை. இல்லாமல் இருந்தது வேறொன்று: எந்தச் சரக்கை எடுத்தால் பலன் குறைகிறது, எதை எடுத்தாலும் வித்தியாசமே இல்லை என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கும் வேலை. அது இருபதாம் நூற்றாண்டில்தான் நடந்தது. அதற்கு முன்னால் ஒரு தொழிற்சாலை விபத்து நடக்க வேண்டியிருந்தது.

கையுறையில் ஆரம்பித்த கதை

1930-களின் கடைசி. அமெரிக்காவில் ஒரு தோல் பதனிடும் ஆலை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் போனவர்களுக்கு அந்த வேலை எப்படிப்பட்டது என்று சொல்லத் தேவையில்லை. கை முழுக்க ரசாயனம் என்பதால் தொழிலாளிகளுக்கு ரப்பர் கையுறை கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் பலருக்குக் கையுறை மூடிய இடம் முழுக்க நிறம் போய் வெளுத்துவிட்டது. ஆலிவர், ஷ்வார்ட்ஸ், வாரன் என்ற மூவர் 1939-ல் இதைப் பற்றி எழுதினார்கள். குற்றவாளி தோல் ரசாயனம் இல்லை. ரப்பர் கெட்டுப்போகாமல் இருக்கக் கையுறையில் கலந்திருந்த ஒரு பொருள், ஹைட்ரோகுவினோனின் மோனோபென்சைல் ஈதர்.

தொழிலாளிகளுக்கு அது ஒரு கேடு. மருத்துவர்களுக்கு ஒரு துப்பு. தோலின் நிறத்தை ரசாயனத்தால் நிறுத்த முடியும் என்று தெரிந்துபோனது. கையுறையில் இருந்த பொருள் தோலின் நிறத்தை நிரந்தரமாகவே அழிக்கக்கூடியது. அதனால் அதன் தாய்ப்பொருளான ஹைட்ரோகுவினோனுக்குப் போனார்கள். அதைப் பூசினால் நிறம் குறையும், நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பி வரும். 1965-ல் ஆர்ண்ட், ஃபிட்ஸ்பாட்ரிக் இருவரும் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு அது தோல் மருத்துவத்தில் ஊன்றிவிட்டது.

ஒரு வேடிக்கை. இதே ஹைட்ரோகுவினோன்தான் பழைய கறுப்பு வெள்ளை ஸ்டூடியோக்களில் ஃபிலிம் கழுவும் டெவலப்பரிலும் இருந்தது. அங்கே படத்தைக் கறுப்பாக்கும் சரக்கு, இங்கே முகத்தை வெளுக்கும் சரக்கு. நம் தோலில் மெலனின் உருவாக டைரோசினேஸ் என்ற நொதி வேண்டும். ஹைட்ரோகுவினோன் அந்த நொதியை மறிக்கிறது. ஆலையை இடிப்பதில்லை, மூலப்பொருள் வரும் வாசலை அடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1975

இந்த ஆண்டைத் தனியாகக் குறித்துக்கொள்ளலாம். நான்கு காரியங்கள் ஒரே ஆண்டில் நடந்தன.

ஒன்று, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் கிளிக்மன், ஐசக் வில்லிஸ் இருவரும் ஒரு கூட்டு மருந்தை வெளியிட்டார்கள். ஹைட்ரோகுவினோன் 5%, ட்ரெட்டினோயின் 0.1%, டெக்சாமெத்தசோன் 0.1%. "கிளிக்மன் ஃபார்முலா" என்று இன்றுவரை சொல்வது இதைத்தான்.

இரண்டு, தென்னாப்பிரிக்காவில் ஃபின்ட்லே என்ற தோல் மருத்துவர், ஹைட்ரோகுவினோன் கலந்த வெளுப்புக் களிம்புகளை ஆண்டுக்கணக்கில் பூசிய கறுப்பினப் பெண்களின் முகத்தில் நீலம் கலந்த கருமை படிந்து தோல் தடித்துப் போவதைப் பதிவு செய்தார். அதற்குப் பெயர் ஆக்ரோனோசிஸ். வெளுக்கப் பூசியதே கறுக்க வைத்தது, அதுவும் எளிதில் போகாத கருமை. 1990-களின் தொடக்கத்தில் அந்த நாடு அழகுசாதனங்களில் ஹைட்ரோகுவினோனையே தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2001-ல் அதே முடிவுக்கு வந்தது.

மூன்று, அமெரிக்காவின் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் தோல் வகைகளுக்கு ஓர் அளவுகோல் உருவாக்கினார். வெயிலில் நின்றால் சிவக்குமா, கறுக்குமா என்று கேட்டு வகை பிரிப்பது. முதலில் அது வெள்ளைத் தோலுக்கு மட்டும்தான், நான்கு வகைகள். நம்மைப் போன்ற பழுப்புத் தோலுக்கும் கறுப்புத் தோலுக்குமான ஐந்தும் ஆறும் பிறகுதான் சேர்ந்தன.

நான்கு, இந்தியாவில் ஃபேர் அண்ட் லவ்லி விற்பனைக்கு வந்தது. அதில் ஹைட்ரோகுவினோனும் கிடையாது, ஸ்டீராய்டும் கிடையாது. வைட்டமின் பி3 வகையைச் சேர்ந்த நியாசினமைடு. ஆனால் "முகம் வெளுக்க ஒரு டியூப்" என்ற எண்ணம் வீட்டு அலமாரியில் இடம்பிடித்தது அதற்குப் பிறகுதான். பின்னால் வந்த மருந்து டியூபுகளையும் நம் ஆட்கள் அந்த அலமாரியிலேயே வைத்தார்கள். 2020-ல் அந்தக் களிம்பின் பெயரிலிருந்து "ஃபேர்" போய்விட்டது. அலமாரி அப்படியே இருக்கிறது.

ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார்கள்

கிளிக்மன், வில்லிஸ் கட்டுரையின் பலமே இங்கதான். சாஃப்ட்வேரில் ஒரு சிஸ்டம் ஏன் வேலை செய்கிறது என்று தெரிய வேண்டுமானால் ஒரு மாட்யூலைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்ப்போம். அதைத்தான் அவர்கள் செய்தார்கள். மூன்றில் எந்த ஒன்றை எடுத்தாலும் பலன் மோசமாகக் குறைந்தது.

காரணம் ஓரளவு புரிகிறது. ஹைட்ரோகுவினோன் மெலனின் உற்பத்தியை மறிக்கிறது. ட்ரெட்டினோயின், அதாவது வைட்டமின் ஏ அமிலம், மேல்தோல் செல்களை வேகமாக உதிரச் செய்து, ஏற்கனவே படிந்த நிறத்தை வெளியேற்றுகிறது. ஹைட்ரோகுவினோன் உள்ளே இறங்கவும் உதவுகிறது. ஆனால் எரியும், சிவக்கும். அந்த எரிச்சலே நம் தோலில் புதுக் கருமையை உண்டாக்கிவிடும். அதை அடக்கத்தான் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு தனியாக இருந்தால் தோலை மெலிய வைக்கும், அந்த மெலிவை ட்ரெட்டினோயின் ஓரளவு ஈடுகட்டும். ஒன்றின் பக்கவிளைவுக்கு இன்னொன்று காவல். யோசித்துப் பார்த்தால் அழகான வடிவமைப்பு.

அந்த அழகுக்கு அடியில் இன்னொரு கதை இருக்கிறது. ஃபார்முலாவின் வீரியத்தை அவர்கள் காட்டியது மங்கு வந்த பெண்களின் முகத்தில் மட்டும் இல்லை. நோயே இல்லாத கறுப்பின ஆண்களின் தோலில் ஐந்து முதல் ஏழு வாரம் பூசி, நிறம் முழுசாகப் போய்விடுகிறது என்று எழுதினார்கள். கிளிக்மனின் பெயர் பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையோடு சேர்த்தே பேசப்படுவது. 1951 முதல் 1974 வரை அந்தச் சிறையின் கைதிகள் மீது அவர் தலைமையில் பலவித சோதனைகள் நடந்தன. அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். ஆலன் ஹார்ன்பிளம் 1998-ல் இதை ஒரு புத்தகமாக எழுதி வெளியே கொண்டுவந்தார். 2021-ல் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பிரிவும், 2022-ல் பிலடெல்பியா நகர நிர்வாகமும் மன்னிப்புக் கேட்டன.

கறுத்த தோலில் வைத்து வீரியம் பார்த்த மருந்து, பிறகு முறையான பெரிய சோதனைக்குப் போனபோது என்ன ஆனது என்று பாருங்கள்.

எது மேல்? எண்கள் சொல்வது

ஒப்பிட வேண்டுமானால் அளவுகோல் வேண்டும். மங்குக்கான அளவுகோல் 1994-ல் வந்தது, பெயர் மாசி. முகத்தை நெற்றி, வலது கன்னம், இடது கன்னம், முகவாய் என்று நான்காகப் பிரிப்பார்கள். முதல் மூன்றுக்கும் 30% எடை, முகவாய்க்கு 10%. ஒவ்வொன்றிலும் பரப்புக்கு 0 முதல் 6, கருமைக்கு 0 முதல் 4, சீராகப் படிந்திருப்பதற்கு 0 முதல் 4. பின்னிரண்டையும் கூட்டிப் பரப்பால் பெருக்கி, எடை போட்டுக் கூட்டினால் மொத்தம் 48-க்குள் ஒரு எண் கிடைக்கும். கண்ணால் பார்த்துப் போடும் மதிப்பெண்தான், ஆனாலும் "கொஞ்சம் பரவாயில்லை" என்பதைவிட மேல்.

முதல் பெரிய ஒப்பீடு அமெரிக்காவில் நடந்தது. 641 பேர், எட்டு வாரம். ஒரு குழுவுக்கு மூன்றும் சேர்ந்த களிம்பு: ஹைட்ரோகுவினோன் 4%, ட்ரெட்டினோயின் 0.05%, ஃபுளூசினோலோன் 0.01%. மற்ற மூன்று குழுக்களுக்கும் இவற்றில் ஏதாவது இரண்டு மட்டும். எட்டாவது வாரத்தில் மங்கு முழுசாக மறைந்தவர்கள், மூன்று மருந்துக் குழுவில் சுமார் 26%, இரண்டு மருந்துக் குழுக்களில் 5%-க்கும் குறைவு. அந்தக் களிம்புக்கு 2002-ல் அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தது. 2010-ல் வந்த காக்ரேன் மதிப்பாய்வு 20 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, ஹைட்ரோகுவினோன் தனியாக இருப்பதைவிட மூன்று சேர்ந்தது மேல் என்றது. கூடவே, ஆய்வுகளின் தரம் பொதுவாகச் சுமார்தான் என்றும் சொன்னது.

இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். அந்த 641 பேரும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோலில் ஒன்று முதல் நான்கு வரையிலான தோல் வகைக்காரர்கள். வயல்காட்டு வெயிலில் நிற்கும் தர்மபுரிப் பெண்களில் பலர் ஐந்தாம் வகை. இரண்டாவது, ஒப்புதல் கிடைத்தது குறுகிய காலத்துக்கு, அதுவும் வெயிலைத் தவிர்த்து சன்ஸ்கிரீன் போடுவதோடு சேர்த்து. எட்டு வாரத்துச் சோதனை எட்டு வாரத்துக்கான சான்று மட்டுமே.

இந்தியத் தோலில் நடந்த ஒப்பீடுகளும் உண்டு. 2002-ல் சண்டிகர் மருத்துவர்கள் 40 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மாற்றியமைத்த கிளிக்மன் ஃபார்முலா மட்டும். அதில் டெக்சாமெத்தசோனுக்குப் பதில் வீரியம் குறைந்த ஹைட்ரோகார்டிசோன். இன்னொரு குழுவுக்கு அதோடு கிளைகாலிக் அமிலத்தால் தோல் உரிக்கும் பீலிங்கும் சேர்த்து. இரண்டிலும் குறைந்தது, பீலிங் சேர்ந்த குழுவில் சீக்கிரமாகவும் அதிகமாகவும் குறைந்தது. கவனமாகச் செய்தால் பழுப்புத் தோலிலும் பீலிங் செய்யலாம் என்று காட்டியதுதான் அதன் முக்கியத்துவம்.

அடுத்த சேர்க்கை ஜப்பானிலிருந்து வந்தது. டிரானெக்சாமிக் அமிலம். உட்டாகோ ஒகாமோட்டோ, அவர் கணவர் ஷோசுகே ஒகாமோட்டோ இருவரும் 1962-ல் உருவாக்கிய, ரத்தப்போக்கை நிறுத்தும் மருந்து. பிரசவ வார்டில் உயிர் காப்பது. 1979-ல் நீஜோ என்ற ஜப்பானிய மருத்துவர் தோல் தடிப்புக்கு இதைக் கொடுத்தபோது நோயாளியின் மங்கும் சேர்ந்து குறைவதைக் கவனித்தார். சிங்கப்பூர் தேசியத் தோல் மையம் 561 பேரின் பதிவேடுகளைப் பார்த்து 2016-ல் எழுதிய கட்டுரையில் சுமார் 90% பேருக்குப் பலன் இருந்தது, பலன் கிடைத்தவர்களில் நிறுத்திய பிறகு 27% பேருக்குத் திரும்பி வந்தது. ஒருவருக்குக் காலில் ரத்தம் உறைந்தது. அவருக்குப் பரம்பரையாகவே உறைவுக் கோளாறு இருந்தது பிறகு தெரிந்தது. அதனால்தான் இதைக் கொடுக்குமுன் குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் உறையும் சிக்கல் உண்டா, கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறாரா என்று மருத்துவர் கேட்க வேண்டும். தானாக வாங்கிச் சாப்பிடும் மாத்திரை இல்லை இது.

என்னைப் பொறுத்தவரை மிகச் சுவாரசியமான ஒப்பீடு விலை குறைந்த சேர்க்கையைப் பற்றியது. மெக்சிகோவில் 2014-ல் எல்லாருக்கும் ஒரே ஹைட்ரோகுவினோன் கொடுத்து, சன்ஸ்கிரீனை மட்டும் மாற்றினார்கள். ஒரு குழுவுக்குப் புற ஊதாக் கதிரை மட்டும் தடுப்பது, இன்னொன்றுக்கு இரும்பு ஆக்சைடு சேர்த்து, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் தடுப்பது. இரண்டாவது குழுவுக்குக் கூடுதல் பலன். பழுப்புத் தோலைக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே கறுக்க வைக்கும், வெள்ளைத் தோலை அந்த அளவு பாதிக்காது என்று 2010-லேயே ஓர் ஆய்வு காட்டியிருந்தது. அதாவது நிறமில்லாத சாதாரண சன்ஸ்கிரீன் நமக்குப் பாதி வேலைதான் செய்கிறது. இரும்பு ஆக்சைடு என்றால் பெரிய ரகசியம் இல்லை, செம்மண்ணுக்கு நிறம் கொடுக்கும் அதே பொருள்தான். லேபிளில் "டின்டட்" என்று போட்டிருக்கும்.

நம்ம கடைக்கு வந்தபோது

இந்தியாவில் பரவலாக விற்ற கூட்டில் ஹைட்ரோகுவினோனும் ட்ரெட்டினோயினும் குறைந்தன (2%, 0.025%). ஆனால் ஸ்டீராய்டு இடத்துக்கு மொமெட்டசோன் 0.1% வந்தது. அமெரிக்கக் களிம்பில் இருந்த ஃபுளூசினோலோன் 0.01%-ஐவிட வீரியம் கூடியது. காவலாளிதான் இப்போது கூட்டத்திலேயே பலசாலி.

சட்டத்திலும் ஓட்டை இருந்தது. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ஷெட்யூல் எச் பட்டியலில், வெளிப்பூச்சு மருந்துகளுக்கு விலக்கு இருப்பதாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது. கடைக்காரர் கொடுப்பார், பியூட்டி பார்லரில் சொல்வார்கள், ஒரே டியூபை அக்காவும் தங்கச்சியும் பூசுவார்கள். முதல் இரண்டு வாரம் முகம் பளபளக்கும். நிறுத்தினால் எரியும், சிவக்கும். மறுபடி பூசுவார்கள்.

2011-ல் இந்தியாவில் 12 மையங்களில் நடந்த ஆய்வு இதை எண்ணிக் காட்டியது. முகத் தோல் பிரச்சினைக்காக வந்த 2,926 பேரில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள், 14.8%. அவர்களில் 59% பேருக்கு அதைச் சொன்னது மருத்துவரே இல்லை. 126 பேர் வெளுக்கவும் பொதுவான முகக் களிம்பாகவும் பூசியவர்கள். 90%-க்கு மேல் பக்கவிளைவு: பருக்கள், ரத்தக் குழாய் தெரியும் அளவுக்கு மெலிந்த தோல், முகத்தில் முடி. தோல் மருத்துவர்கள் சங்கம் இதற்கென்றே ஒரு குழு அமைத்துப் போராடியது. 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 வெளிப்பூச்சு ஸ்டீராய்டுகளை ஷெட்யூல் எச்-க்குள் தெளிவாகக் கொண்டுவந்தது. சட்டம் மாறிவிட்டது. பழக்கம் மாற இன்னும் நாளாகும் போல.

பாப்பாரப்பட்டியும் இன்னொரு கூட்டு மருந்தும்

எங்க ஊர் பெயரைக் கேட்டால் பலருக்கும் நினைவுக்கு வருபவர் சுப்பிரமணிய சிவா. பாரதமாதா கோயில் கனவோடு இங்கே ஆசிரமம் அமைத்தவர், 1925 ஜூலை 23-ல் இங்கேயே மறைந்தவர். சிறை அவருக்குக் கொடுத்தது தொழுநோய். நோயைக் காரணம் காட்டி ரயிலில் போக முடியாதபடி செய்தபோது நடந்தும் மாட்டுவண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். தோலில் தெரியும் நோய் ஒரு மனிதனை எங்கே நிறுத்தும் என்பதற்கு எங்க ஊருக்கு வேறு உதாரணம் வேண்டியதில்லை.

அவர் காலத்தில் அதற்குச் சரியான மருந்து இல்லை. 1940-களில் டாப்சோன் வந்தது, செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையில் பணியாற்றிய ராபர்ட் காக்ரேன் அதை இந்தியாவில் கொண்டுவந்தார். ஒரே மருந்தை ஆண்டுக்கணக்கில் கொடுத்ததால் கிருமி பழகிவிட்டது. 1964-ல் மலேசியாவின் சுங்கை பூலோவில் அது நிரூபணமானது. 1981-ல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்தைப் பரிந்துரைத்தது: டாப்சோன், ரிஃபாம்பிசின், குளோஃபாசிமின். மூன்றும் சேர்ந்து நாட்டில் தொழுநோயை வெகுவாக அடக்கின. இதில் குளோஃபாசிமினின் பக்கவிளைவு முகமும் தோலும் கறுப்பது! நோய் போக வேண்டும் என்று லட்சக்கணக்கானவர்கள் அந்தக் கருமையைச் சில காலம் ஏற்றுக்கொண்டார்கள்.

இரண்டிலும் மூன்று மருந்துகள். ஒன்று பல ஊர்களைக் காப்பாற்றியது, இன்னொன்று பல முகங்களைக் கெடுத்தது. வேதியியலில் மட்டும் காரணம் தேடினால் கிடைக்காது. தொழுநோய் மருந்து தேதிவாரியாக அட்டையில் அடைக்கப்பட்டு, இலவசமாக, சுகாதாரப் பணியாளர் கையால் வந்தது. ஆறு மாதம் அல்லது பன்னிரண்டு மாதம், அதோடு முடிந்தது என்று முதல் நாளே தெரியும். மங்கு டியூபில் மூன்று மருந்து இருக்கிறது, முடியும் தேதி இல்லை. பார்த்துக்கொள்ள ஆளும் இல்லை. டியூப் தீர்ந்தால் இன்னொரு டியூப்.

ஆக, இத்தனை ஒப்பீடுகளையும் படித்த பிறகு எனக்குப் படுவது இதுதான். மூன்று மருந்துக் கூட்டு இரண்டைவிட மேல், உண்மை. ஆனால் சோதனையில் ஜெயித்த கூட்டில் எழுதப்படாத இன்னும் மூன்று சரக்கு இருந்தது: எட்டு வாரம் என்ற கெடு, தினமும் சன்ஸ்கிரீன், நடுவில் பார்க்கும் ஒரு மருத்துவர். அவற்றைக் கழற்றிவிட்டு டியூபை மட்டும் வாங்கினால் அது வேறு மருந்து. மங்கு முழுசாகப் போனாலும் வெயிலுக்கோ அடுத்த பிரசவத்துக்கோ திரும்பி வரக்கூடிய ஆள். கர்ப்பிணிகளுக்கு இந்தக் களிம்பும் மாத்திரையும் ஆகவே ஆகாது. வெளிறிய, தொட்டால் உணர்ச்சியில்லாத படை என்றால் அது மங்கே இல்லை, உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும், மருந்து இலவசம்.

வீட்டில் யாராவது பேர் தெரியாத டியூபைப் பல மாதமாகப் பூசிக்கொண்டிருந்தால், பின்பக்கத்தைத் திருப்பி "-சோன்", "-சோல்", "-லோன்" என்று முடியும் பெயர் இருக்கிறதா பாருங்கள். இந்த முடிவு இருந்தாலே ஸ்டீராய்டு என்று அர்த்தமில்லை, ஆனால் விசாரிக்க வேண்டியது. ஸ்டீராய்டு என்று தெரிந்தால் பட்டென்று நிறுத்தவும் வேண்டாம், தொடரவும் வேண்டாம். டியூபைக் கையோடு எடுத்துக்கொண்டு ஒரு தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். எப்படிப் படிப்படியாக விடுவது என்று அவர் சொல்வார்.